தைலமரக் காட்டில் ஆளில்லாமல் போன வண்டி

சிதம்பரம் போனில் சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் பிடிக்கவில்லை. வண்டி ஆளில்லாமல் தானாகக் கிளம்பிப் போகிறதாம். போய், மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்த அவன் தம்பியின் காலில் ஏறிவிட்டதாம். பெல்ட் அறுந்தால் கூப்பிடு, எஞ்சின் இழுக்காவிட்டால் கூப்பிடு, பேய் ஓட்டுவதற்கு என்னைக் கூப்பிடாதே என்று சொல்லிப் போனை வைத்தேன். மறுபடி கூப்பிட்டான். வண்டி ஓட்டுகிற பெண்ணை வெள்ளிக்கிழமை கோயிலில் நிறுத்திச் சத்தியம் கேட்கப் போகிறார்கள், அதற்குள் வந்து பார் என்றான். அவன் குரல் சரியில்லை. கிளம்பினேன்.

நான் மலேசியாவில், பேராக்கில், பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டங்களுக்குப் பக்கி வண்டி ரிப்பேர் செய்கிறவன். பக்கி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஜீப்பைவிடச் சின்னது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். கதவு இல்லை, சுற்றிலும் இரும்புக் குழாய்க் கூண்டு. பின்னால் சாமான் போடும் தொட்டி. தடித்த நான்கு டயர். கிளட்ச் மிதி கிடையாது; எஞ்சின் வேகம் கூடினால் உள்ளே ஒரு ரப்பர் பெல்ட் தானாகப் பிடித்து வண்டியை இழுக்கும். சேறு, மேடு, பள்ளம் எதுவும் அதற்குப் பொருட்டில்லை. சிதம்பரம் எங்கள் தோட்டத்தில் வருஷக்கணக்காக அதை ஓட்டினான். ஊர் திரும்பி, புதுக்கோட்டைப் பக்கம் அரிமளத்தைத் தாண்டி தைலமரமும் முந்திரியும் போட்டதும் பழைய பக்கி ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினான். போட்டோ அனுப்பினான். அதைப் பார்த்தபோதே எனக்குக் கோபம் வந்தது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

திருச்சியில் இறங்கினேன். எங்கள் ஊர் வெயில் ஈரத்துணி மாதிரி மேலே ஒட்டும். இந்த வெயில் ஒட்டுவதில்லை, அடிக்கிறது. புதுக்கோட்டையில் டாக்ஸியை நிறுத்திச் சாப்பிட்டோம். பரோட்டாவும், அவித்த முட்டையை மசாலாவில் புரட்டிய முட்டை மாஸும். எங்கள் ஊரில் இதே பரோட்டாவை ரொட்டி என்போம், குழம்பில் தொட்டுச் சாப்பிடுவோம். இங்கே பிய்த்துப் போட்டுக் குழம்பை ஊற்றி ஊற வைத்து அள்ளுகிறார்கள். இதுதான் சரியான முறை என்று தோன்றியது. டாக்ஸிக்காரர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டபடி போக வேண்டிய இடத்தைக் கேட்டார். சொன்னேன். எழுந்து கை கழுவப் போனவர் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார்.

“அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. தார் ரோடு வரைக்கும்தான் வருவேன். அந்த வண்டி இருக்குற காட்டுக்குள்ள நான் வரல.”

வண்டியைப் பற்றி நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

சொன்னபடியே தார் ரோட்டில் இறக்கிவிட்டுப் போனார். சிதம்பரம் பைக்கில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு காட்டுக்குள் நுழைந்தான். வாழ்க்கை முழுவதும் வரிசை மரத்துக்குள் வேலை செய்தவன் நான். ஆனால் செம்பனைக் காட்டில் சத்தம் இருக்கும். மட்டை உரசும், குரங்கு கத்தும், எலி பிடிக்க நாங்களே ஆந்தை வளர்க்கிறோம். இந்தத் தைலமரக் காட்டில் ஒன்றும் இல்லை. தரையில் புல் இல்லை. கிளையில் கூடு இல்லை. பட்டை நீள நீளமாக உரிந்து தொங்குகிறது. பைக் போகப்போக மரங்களுக்கு நடுவே ஒரு சந்து திறக்கிறது, மூடுகிறது, அடுத்தது திறக்கிறது. ஒவ்வொரு சந்தின் கோடியிலும் யாரோ அப்போதுதான் நகர்ந்து போன மாதிரி இருக்கிறது. உற்றுப் பார்ப்பதற்குள் மூடிவிடும்.

நடுக்காட்டில் சிதம்பரம் எஞ்சினை அணைத்தான். இறங்கு, செருப்பைக் கழற்று என்றான். எதிரே மண் குதிரைகள். ஆள் உயரத்துக்கு மேலே, பாதையின் ஓரமாக வரிசையாக நின்றன. சிலவற்றுக்குக் கால் இல்லை, சிலவற்றுக்கு முகம் இல்லை. முகம் இருந்தவை எல்லாம் பாதையைப் பார்த்தன. கருப்பர் கோயில் அது. கருப்பர் குதிரை ஏறி வருகிற சாமி. அவர் எதிரே வேறு எவனும் எதன்மேலும் ஏறி உட்கார்ந்து போகக் கூடாது. சைக்கிளோ பைக்கோ, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். டிராக்டர் வேறு வழியாகச் சுற்றிப் போகும். எங்கள் தோட்டத்து வாசலில் முனியாண்டி இருக்கிறார். இரண்டு முறை ஹாரன் அடித்தால் விட்டுவிடுவார். இங்கே நான் சரளைக் கல்லில் வெறுங்காலோடு நடந்து, சிதம்பரத்தைத் திட்டிக்கொண்டே போனேன். திட்டாதே, இங்கே சத்தம் போடாதே என்றான்.

பக்கியையும் தள்ளித்தான் போவீர்களா என்று கேட்டேன். அவன் பைக்கைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தான்.

மறுநாள் காலை வண்டியைப் பார்த்தேன். போட்டோவில் பார்த்ததைவிட மோசம். மேலே தகரக் கூரை. முன்னால் லாரிக்குப் போடுகிற கனத்தில் இரும்பு பம்பர். கல்யாண வீடு மாதிரி கூடுதல் விளக்குகள். டயர் அளவுக்கு மீறிப் பெரியது. பெரிய டயரைப் போட்டால் பெல்ட்டைப் பிடிக்கும் கிளட்சுக்குள் எடையையும் ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டும். மாற்றவில்லை. பெல்ட் தேய்ந்து கண்ணாடி மாதிரி பளபளத்தது. காற்று வடிகட்டியைத் தட்டினால் ஒரு கை செம்மண் கொட்டியது. பெல்ட் பெட்டிக்குள் காற்றுப் போகும் குழாயைத் தைல இலை அடைத்திருந்தது. இருக்கிற கரண்ட்டை எல்லாம் விளக்கு குடித்துவிடுவதால் பேட்டரி செத்துப் போயிருந்தது. செல்ப் எடுக்காது. அதனால் காலையில் டிராக்டர் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து ஒருமுறை கிளப்பினால் மாலை வரை எஞ்சினை அணைப்பதே இல்லையாம். கை பிரேக் கேபிள் தொங்கியது. வாங்கிய பொருளைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவன் வாங்கக் கூடாது என்று முகத்துக்கு நேரே சொன்னேன். சிதம்பரம் தலையைக் குனிந்துகொண்டான்.

கடைசியாகக் கார்புரேட்டரைப் பார்த்தேன். எஞ்சின் சும்மா நிற்கும்போது என்ன வேகத்தில் ஓட வேண்டும் என்று வைக்கிற திருகாணி ஒன்று உண்டு. கம்பெனியில் அதன்மேல் வெள்ளைப் பெயின்ட் வைத்துத்தான் அனுப்புவார்கள். பெயின்ட் உடைந்திருந்தது. திருகாணி நன்றாக உள்ளே போயிருந்தது.

பினாங்கில் இருக்கும் என் கூட்டாளி ரஹீமைக் கூப்பிட்டு மலாய் மொழியில் கேட்டேன். நான் நினைத்ததையே அவனும் சொன்னான். குளிர்ந்த எஞ்சின் மெதுவாக ஓடும், வண்டி நிற்கும். சூடு ஏற ஏற வேகம் தானாகக் கூடும். ஒரு கட்டத்தில் பெல்ட் பிடித்துவிடும். கியரில் விட்டிருந்தால் வண்டி தானாக நடக்கும். “அந்தத் திருகாணியைத் தொட்டவனை முதலில் ஓர் அறை விடு, பிறகு வண்டியைப் பார்” என்றான்.

தொட்டது யார் என்று சிதம்பரத்திடம் கேட்டேன். மறைக்கவில்லை. “நாந்தான் திருகுனேன், மணி. இவ்வளவு கனத்தை எவன் தள்றது? கருப்பர் முன்னால ஏறி உக்காந்தும் போகக் கூடாது. கொஞ்சம் கூட்டி வச்சா அதுவா நடக்கும், நாம எறங்கிப் பக்கத்துல ஸ்டேரிங்கப் பிடிச்சுக்கிட்டே போயிரலாம்.”

முப்பது வருஷம் இந்த வண்டிகளோடு இருக்கிறேன். சாமிக்கு மரியாதை செய்வதற்காக எஞ்சினைக் கெடுத்தவனை இப்போதுதான் பார்க்கிறேன். வேகத்தைக் கூட்டியதில் கியரும் நியூட்ரலுக்குச் சரியாக விழாமல் கடகடத்தது. அதனால் எல்லோரும் கியரிலேயே விட்டுவிட்டு இறங்கப் பழகிவிட்டார்கள். அன்றைக்கு வண்டி ஓட்டுகிற கோகிலா காலையில் கிளப்பி முந்திரிக் கொட்டகையடியில் நிறுத்திவிட்டு, சாக்கு எடுக்கத் தோப்புப் பக்கம் போயிருக்கிறாள். வண்டி நின்றுகொண்டே இருந்திருக்கிறது. சூடேறியதும் போயிருக்கிறது. இவ்வளவுதான்.

இதை ஊரில் சொல்வதற்கென்ன என்றேன். சொல்ல முடியாது என்றான். தம்பி கால் உடைந்ததற்கு அண்ணன்தான் காரணம் என்று தெரிந்தால் தம்பி மனைவி குடும்பத்தை இரண்டாக்கிவிடுவாள். ஊர் வேறு காரணத்தை வைத்திருந்தது: கோகிலா கருப்பருக்கு எதிரே ஏறி உட்கார்ந்து போயிருப்பாள், அதற்குத்தான் சாமி வண்டியை ஓட்டிக் காட்டியது. வெள்ளிக்கிழமை உச்சிவேளையில் அவள் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, ஏறிப் போகவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கோயிலுக்கு வரி கொடுக்கிற குடும்பங்களின் பட்டியலிலிருந்து தள்ளிவிடுவார்கள். அப்புறம் நல்லது கெட்டதுக்கு யாரும் அவள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டார்கள், யாரும் வேலை தர மாட்டார்கள். எல்லாம் தெரிந்தும் இவன் வாயை மூடிக்கொண்டிருந்தான். என்னை ஏன் கூப்பிட்டான் என்று அப்போது புரிந்தது. அவன் சொல்ல வேண்டியதை நான் சொல்ல வேண்டும், அதிலும் அவன் பெயர் இல்லாமல்.

தம்பி பழனியைப் போய்ப் பார்த்தேன். காலில் கம்பி வைத்துக் கட்டிலில் படுத்திருந்தான். அவன் மனைவி எனக்கு முந்திரிப்பருப்பு வறுத்து வந்தாள், உப்பும் மிளகும் போட்டு. எங்கள் ஊரில் டப்பாவில் வருகிற முந்திரி இதன் முன்னால் மரத்தூள். பழனி அதைத் தொடவில்லை.

“சத்தம் கேட்டு முழிச்சேன். கோகிலான்னு நெனச்சேன். ஆளே இல்ல. சீட்டு காலியா இருக்கு. ஸ்டேரிங் மட்டும் திரும்புதுங்க. இங்கிட்டுக் கொஞ்சம், அங்கிட்டுக் கொஞ்சம். வழி தெரிஞ்ச ஆளு ஓட்டுற மாதிரி.”

ஓடி விலகியிருக்கலாமே என்றேன். ஓட வேண்டும் என்றே தோன்றவில்லை, வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்றான்.

சக்கரம், வண்டி போய்ப்போய்ப் பள்ளமான தடத்துக்குள் விழுந்தால் தடம் திருப்புகிற பக்கம் ஸ்டியரிங்கும் திரும்பும். அதை அவனுக்கு விளக்கினேன். கேட்டுக்கொண்டான். நம்பின மாதிரி தெரியவில்லை.

கோகிலா முந்திரிக் கொட்டகையில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். கணவன் துபாய் போனவன் போனவன்தான், ஒரு மகள். வண்டியைத் தொடக்கூடாது என்று அவளைத் தடுத்துவைத்திருந்தார்கள். திருகாணி விஷயத்தைச் சொன்னேன். பயப்படாமல் சத்தியம் செய்துவிடு, உன்மேல் தப்பில்லை என்றேன்.

“செய்ய மாட்டேண்ணே.”

ஏன் என்று கேட்டேன்.

“ஒரு தடவ எறங்காமப் போயிட்டேன். மழை. மகளுக்கு வலிப்பு வந்து மடில கெடந்தா. கீழ எறங்குனா அவள எங்க போடுறது? குதிரையப் பாக்காம ஓட்டிட்டுப் போயிட்டேன். இப்பச் சூடத்த அடிச்சு இல்லைன்னு எப்படிச் சொல்றது?”

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது திருகாணி செய்த வேலை என்று கத்தினேன். அவள் பொறுக்குவதை நிறுத்தவில்லை. திருகாணியை யார் திருகியது என்று கேட்டாள். உன் முதலாளி என்றேன். எதற்காகத் திருகினார் என்று கேட்டாள். சாமிக்காக என்றேன். அவள் அடுத்த சாக்கை அவிழ்த்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. உச்சிவெயிலில் அந்தக் காட்டுக்கு நிழலே கிடையாது. தைல இலை வெயிலுக்கு விளிம்பைக் காட்டித் திரும்பிக்கொள்ளும். ஊர் முழுவதும் குதிரைகளுக்கு எதிரே நின்றது. பூசாரி தட்டில் சூடத்தை வைத்தார். கோகிலா ஈரத்தலையோடு நின்றாள், மகள் அவள் சேலையைப் பிடித்திருந்தாள்.

கொளுத்துவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் என்றேன். பேட்டரியை முந்தின நாளே மாற்றியிருந்தேன். திருகாணியை மட்டும் வேண்டுமென்றே தொடாமல் வைத்திருந்தேன். வண்டியைக் குதிரைகளுக்கு எதிரே போகிற தடத்தின் தொடக்கத்தில் நிறுத்திக் கிளப்பினேன், கியரைப் போட்டேன், இறங்கித் தள்ளி வந்து நின்றேன். எஞ்சின் சூடேறியதும் இது தானாகப் போகும், எவள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் போகும், எல்லோரும் கண்ணால் பாருங்கள் என்றேன். சிதம்பரம் என்னைப் பார்த்த பார்வையில் உயிர் இல்லை. அவன் பெயரையும் சொல்வதாகத்தான் இருந்தேன். முதலில் வண்டி போகட்டும் என்று வைத்திருந்தேன்.

வண்டி நின்றது. ஓடிக்கொண்டே நின்றது. வியர்வை கண்ணில் இறங்கியது. யாரோ ஒருவர் இருமினார். தப்புக் கணக்குப் போட்டுவிட்டேனோ என்று நினைத்தேன். அப்போது எஞ்சின் சத்தம் மெல்ல மாறியது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும், ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். ஆனாலும் ஓர் அடி பின்வாங்கினேன்.

வண்டி கிளம்பியது.

ஆள் நடக்கிற வேகம். இருக்கை காலி. ஸ்டியரிங் இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பியது, நின்றது, நேரானது. வளைவில் அவசரப்படாமல் வளைந்தது. குதிரைகளுக்கு எதிரே, ஒவ்வொரு முகத்தையும் கடந்து, மரியாதையாகப் போனது. வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. குதிரைகளைத் தாண்டி மேடு தொடங்குகிற இடத்தில் இழுக்க முடியாமல் நின்றது. அது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நின்றதும் பின்னால் பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தது. மிதிக்கக் கால் இல்லை. விளக்கு எரிந்தது.

திரும்பிப் பார்த்தேன். என் விளக்கத்தைக் கேட்க ஓர் ஆளும் இல்லை. ஆண்கள் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டியிருந்தார்கள். பெண்கள் தரையில் விழுந்து கிடந்தார்கள். பூசாரி தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

“கருப்பரே ஓட்டிட்டுப் போறாரு. இதுல அந்தப் புள்ளைய என்னன்னு கேக்குறது? அவருக்கு ஏறணும்னு இருந்துச்சு, ஏறுனாரு. பழனி வழியில படுத்துருந்தான். அவ்வளவுதான்.”

யாரும் மறுக்கவில்லை. கோகிலாவிடம் சத்தியம் கேட்கவில்லை. பழனியின் மனைவி வந்து கோகிலா மகளின் நெற்றியில் திருநீறு பூசினாள். நான் திருகாணி, திருகாணி என்று சொல்லிப் பார்த்தேன். சிதம்பரத்தின் பெயரையும் சொன்னேன். அவனைக்கொண்டு திருகவைத்ததும் கருப்பர்தான் என்று ஒரு பெரியவர் பொறுமையாக எனக்கு விளக்கினார். கோகிலா தப்பினாள். சிதம்பரமும் தப்பினான். முதலாவதில் எனக்குச் சந்தோஷம். இரண்டாவதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

வண்டிக்கு மாலை போட்டார்கள், பம்பரில் சந்தனம் வைத்தார்கள். இனி இதில் எவரும் ஸ்பேனர் வைக்கக் கூடாது என்று பூசாரி சொன்னார். கோகிலா திங்கட்கிழமையிலிருந்து பழையபடி ஓட்ட வேண்டும் என்றும் சொன்னார். எந்த வண்டியை? சூடேறினால் தானாகக் கிளம்புகிற வண்டியை. அவள் மகள் விளையாடுகிற கொட்டகையடியில் நிறுத்துகிற வண்டியை. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. நாட்டுக்கோழி அடித்திருந்தார்கள், அதுவும் இறங்கவில்லை.

மறுநாள் நான் கிளம்ப வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு ஊர் கண்ணயர்ந்திருந்த நேரத்தில் கோகிலா வந்தாள். கையில் என் திருப்புளி. கொட்டகையில் விட்டுவிட்டேனாம்.

“கொறச்சு வச்சுட்டுப் போங்கண்ணே.”

சாமி வண்டியில் கை வைக்கலாமா என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன்.

“சாமிக்கு வண்டி இருக்கட்டும். எம்மக அங்கனதான் வெளையாடுறா.”

ஊர் கேட்டால் என்ன சொல்வாய் என்றேன். குதிரைக்கு முன்னால் வண்டி நடக்காவிட்டால் எல்லோரும் கேட்பார்களே.

“சாமி எறங்கிருச்சுன்னு சொல்லிக்கிறேன்.”

மேட்டடியில் மாலையோடு நின்ற வண்டிக்குப் போனோம். திருகாணியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன், மேலே பெயின்ட் வைத்தேன். கை பிரேக் கேபிளை இழுத்துக் கட்டினேன். பிரேக் விளக்கின் ஸ்விட்சைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே செம்மண் இருந்தது. அதுதான் காரணமாக இருக்க வேண்டும். துடைத்து மாட்டினேன். பிறகு கிளப்பி, கியரில் விட்டு, இருவரும் விலகி நின்றோம். வெகுநேரம் நின்றோம். எஞ்சின் நன்றாகச் சூடேறியது. வண்டி அசையவில்லை. ஆனாலும் இருவரும் சக்கரத்தைப் பார்க்கவில்லை, இருக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும். குதிரைகளைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் எஞ்சினை அணைத்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தோளைக் கூண்டில் கொடுத்தாள். யாரும் பார்க்கவில்லை, ஓட்டிக்கொண்டே போய்விடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஷூவைக் கழற்றிவிட்டுப் பின்னால் போய்த் தள்ளினேன்.

அந்தத் தகரக் கூரையும் லாரி பம்பரும் பெரிய டயரும் சேர்ந்து எவ்வளவு கனம் என்று அப்போதுதான் தெரிந்தது. உள்ளங்காலில் சரளை குத்தியது. மூச்சு வாங்கியது. குதிரைகளின் முகங்கள் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வந்து போயின. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. தோளை எடுத்தால் வண்டி நின்றது, கொடுத்தால் நகர்ந்தது. முழுக்கனமும் எங்கள் இரண்டு பேர்மேல்தான் இருந்தது, வேறு யாரும் கை கொடுக்கவில்லை. அந்த ஊரில் இருந்த நாட்களில் எனக்குக் கிடைத்த ஒரே நிம்மதி அதுதான்.